முன் சீட்டில் ஒரு பை

"யாரும் ஏறாதீங்க. எடத்த நான் சொல்றேன்."

என் பெரியம்மா வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது இதைத்தான். கல்யாண வீட்டுக்குப் போகட்டும், பத்துமலைக்குப் போகட்டும், சாவு வீட்டுக்கே போகட்டும், வேன் கதவைத் திறப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ரோட்டோரம் வெயிலில் நிற்போம். அவர் ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்து, நீ சன்னலோரம், நீ நடுவில, உனக்குத் தலை சுத்தும் நீ முன்வரிசை என்று சொல்லச் சொல்ல ஏற வேண்டும். எதிர்த்துப் பேசினால் கடைசி வரிசையில் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை.

அவர் போய் மூன்று வருடமாகிறது. நான் இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஓர் ஆபீஸில் வேலை செய்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு, என்னோடு வேலை செய்கிறவர்களை என் காரில் ஏற்றும்போது, என்னை அறியாமல் கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, யாரை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு நிமிடம் நிற்கிறேன். அவர்கள் பசியோடு என்னை முறைக்கிறார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் விட முடியவில்லை.

பெரியம்மா கிள்ளானில் ஸ்கூல் வேன் ஓட்டினார். ஆள் குள்ளம். டிரைவர் சீட்டில் இரண்டு தலையணையை அடுக்கினால்தான் அவருக்கு ரோடு தெரியும். தோளில் எப்போதும் ஒரு துண்டு. பெரியப்பாவுக்கு போர்ட் கிள்ளானில் ஷிப்ட் வேலை, பகலில் தூங்குகிறவர், அதனால் வீட்டுக்குள் பெரியம்மா குரலே எழாது. வீட்டில் மிச்சம் பிடிக்கிற குரலையெல்லாம் வேனில்தான் செலவழிக்கிறார் என்று சின்ன மாமா கேலி செய்வார். அவர்கள் கூடப்பிறந்தவர்கள் நான்கு பேர். மூத்தவர் பெரியம்மா, அடுத்தது பெரிய மாமா, மூன்றாவது என் அம்மா, கடைக்குட்டி சின்ன மாமா. இந்த நாலு பேரைத் தெரிந்துகொண்டால் போதும், நான், அத்தைமார், பிள்ளைகள் எல்லாரும் கூட்டம்தான்.

வேன் பிள்ளைகளுக்கு அவர் வைத்திருந்த சட்டங்கள் மூன்று. மழை நாளில், "கால உதறிட்டு ஏறு." சாதாரண நாளில், "ஆறேகாலுக்கு கேட்ல நில்லு, லேட்டா வந்தா நிக்க மாட்டேன்." சொன்னபடி நிற்கவும் மாட்டார். என் அம்மா நாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியிலேயே டீச்சர், அதே வேனில் முன் சீட்டில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு அம்மா வாசலுக்கு ஓடி வருகிறார், மணி ஆறு பதினேழு. பெரியம்மா கண்ணாடியில் பார்த்தார், கியரைப் போட்டார், போய்விட்டார். பின் சீட்டில் இருந்த நான் கத்தியும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அம்மா புடவையை அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு வந்து ஏறி, மிச்சத்தை முன் சீட்டில் உட்கார்ந்து ஊக்கு குத்திக்கொள்வார். ஊக்கை எடுத்துக் கொடுப்பது பெரியம்மா, ஒரு கை ஸ்டியரிங்கில் இருக்கும்.

மூன்றாவது சட்டம்தான் பெரிய சட்டம். "சண்டை போட்டவங்க ஒரே சீட்டு."

மற்ற வேன்காரர்கள் சண்டை போடுகிற பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பார்கள். இவர் சேர்த்து வைப்பார். நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஒரு பெண், அம்மா டீச்சராக இருப்பதால்தான் எனக்கு மார்க் வருகிறது என்று சொல்லிவிட்டாள். நான் அவளுடைய தண்ணீர் போத்தலைச் சன்னல் வழியாக வெளியே எறிந்தேன். மறுநாளிலிருந்து இருவரும் ஒரே சீட்டு. நடுவில் புத்தகப் பையைச் சுவர் மாதிரி நிறுத்தினேன். "பைய மடியில வை," என்றார் கண்ணாடியிலிருந்து. இரண்டு வாரம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம். மூன்றாவது வாரம் அவள் என் பாவாடை மேல் வாந்தி எடுத்தாள். வாந்திக்கு அப்புறம் என்ன கௌரவம்? நான் அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன், அவள் அழுதாள், நானும் அழுதேன். இன்று வரைக்கும் அவள்தான் எனக்கு நெருங்கிய தோழி. பெரியம்மாவிடம் இதைச் சொன்னால், "நான் என்னா செஞ்சேன்? ரோட்டுல குழி இருந்துச்சு," என்பார்.

வருடக் கடைசி லீவில் பள்ளிக்கூடம் மூடிவிடும், வேனுக்கு வேலை இருக்காது. "வண்டி சும்மா நின்னா பேட்டரி செத்துரும்," என்று சொல்லி, மொத்தக் குடும்பத்தையும் கேம்பிங் கூட்டிக்கொண்டு போவார். பேட்டரிக்காகத்தான் போகிறார் என்று நம்புகிறவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஒரு தடவை பெரிய மாமா, ஓட்டலில் ரூம் எடுத்துக்கலாமே, முதுகு வலிக்குது என்றார். "ஓட்டல்ல ரூம் எடுத்தா ஆளுக்கொரு கதவ சாத்திக்குவீங்க," என்றார் பெரியம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

செமினியைத் தாண்டி உள்ளே போனால் ஆற்றங்கரையில் ஒரு கேம்ப் சைட். அதைப் பார்த்துக்கொள்பவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர், மாமா என்று கூப்பிடுகிற மாதிரி எல்லாருக்கும் பாக்சிக். கிளம்புவதற்கு முந்தின நாள் வேனின் பின்னால் இருக்கிற மூன்று நீள சீட்டுகளைக் கழற்றி, வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் அடுக்கிவிடுவார். காலியான தரையில் பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தை மேல் பாய். சன்னல்களுக்குக் கொசுவலையைத் துணி மாட்டுகிற கிளிப்பால் மாட்டுவார். டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம், ஐந்தாவது ஒன்று மீனுக்கு வரும்.

ஆற்றங்கரையில் வேனை எப்போதும் வெளியே போகிற வழியைப் பார்த்துத்தான் நிறுத்துவார். சாயங்காலம் குளித்து, கோழி சுட்டு, சாப்பிட்டு முடித்ததும் கதவண்டை வந்து நின்று, "யாரும் ஏறாதீங்க," ஆரம்பித்துவிடும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேன், ஆண்களுக்குக் கூடாரம். குறட்டை விடுகிறவர் கதவோரம். ஒண்ணுக்கு எழுந்து போகிறவர் அவருக்கும் இந்தப் பக்கம். காலை உதைக்கிற பிள்ளைக்கு எதிரில் டயர் மேடு. எந்த இரண்டு அத்தைமார் அன்றைக்குக் காலையில் அம்மி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்களோ, அவர்கள் இருவருக்கும் ஒரே தலையணை. அவர் மட்டும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி தூங்குவார், சாவி கையில் இருக்கும்.

அவர் செய்ததிலேயே பெரிய வேலை மாமாமார் இரண்டு பேர் விஷயம். பெரிய மாமா மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தார்கள். "அன்புடன் அழைக்கும்" என்று போட்டு, கீழே சித்தப்பா, அத்தை, மாமா என்று வரிசையாகப் பெயர்கள். அந்த வரிசையில் சின்ன மாமா பெயர் இல்லை. ஐந்நூறு கார்டு அடித்து வந்த பிறகுதான் பார்த்தார்கள். அச்சகத்தின் மேல் பழி போட வழியில்லை, பட்டியலைக் கடையில் நின்று கையால் எழுதிக் கொடுத்ததே பெரிய மாமாதான். எழுதும்போது பக்கத்தில் நின்று, "மூத்த அத்தைய விட்டுட்டீங்கண்ணே," என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தவர் சின்ன மாமா. பக்கத்தில் நிற்கிறவன் பெயரை எழுத வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, இவருக்கும் தோன்றவில்லை. அதற்கு ஒன்றரை வருடம் பேச்சு வார்த்தை இல்லை. கல்யாணத்துக்குச் சின்ன மாமா வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், மொய் எழுதினார், போனார்.

மறு வருடக் கேம்பிங்கில் இரண்டு கூடாரம் கட்ட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் கம்பி இருந்தது, மற்றதன் கம்பியைக் காணோம். "வீட்டுலயே மறந்துட்டேன் போல," என்றார் பெரியம்மா. கூடாரத்தில் படுக்கிற பெரிய பையன்களையும் வேனில் அடைத்துக்கொண்டு, மாமாமார் இருவரையும் இருந்த ஒரே கூடாரத்துக்குள் அனுப்பினார். போர்வையும் ஒன்றுதான் மிச்சமாம். விடியற்காலையில் நாங்கள் வேனுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம்.

"கால எடுடா. ஐஸ் கட்டி மாதிரி இருக்கு."

"கார்டுல பேர் இல்லாதவனுக்கு காலும் இல்லன்னு நெனச்சுக்குங்க."

பிறகு பெரிய மாமா சிரிக்கிற சத்தம் கேட்டது, அப்புறம் மூக்கைச் சிந்துகிற சத்தம். காலையில் பசியாறும்போது இருவரும் ஒரே தட்டிலிருந்து மீகூன் சேமியா எடுத்துச் சாப்பிட்டார்கள். வீட்டுக்குத் திரும்பி வேனைக் கழுவும்போது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் துண்டில் சுற்றின கூடாரக் கம்பி என் கையில் கிடைத்தது. பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன், வாழ்க்கையில் மூடிக்கொண்ட சில தடவைகளில் அது ஒன்று.

இப்படி ஊரையே சேர்த்து உட்கார வைத்தவரின் வேனில் ஒரு இடத்தில் மட்டும் யாரும் உட்காரக் கூடாது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட். அதில் ஒரு கறுப்புப் பை இருக்கும், பையைச் சுற்றி சீட் பெல்ட்டும் போட்டிருக்கும். வேனில் நெரிசலில் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தாலும் பை நகராது. புதுப் பிள்ளைகள் அது போலீஸ் சட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்குக் காரணம் தெரியும். அது நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

நான் ஐந்தாம் ஆண்டு. பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருந்தார். வாசலில் நின்று வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முன் சீட்டிலிருந்து இறங்கினார். பெரியம்மா வழக்கம்போல ஒரு பழைய டீ-சட்டை, தோளில் துண்டு, எண்ணெய் வடிகிற முகம்.

"என்ன டீச்சர், ஸ்கூல் வேன்லயா வர்றீங்க? யாரு அவங்க, டிரைவர்? சொந்தமா?"

"இல்ல சார். எங்க தாமான் வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஓடுற வேன். நம்ம கார் வர்க்‌ஷாப்ல இருக்கு."

எங்களுக்குக் கார் கிடையாது. அன்றைக்கு வரைக்கும் கிடையாது. முன் சன்னல் திறந்திருந்தது. நான் பின் கதவிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்திருந்தேன். பெரியம்மா எட்டிச் சாய்ந்து முன் கதவை இழுத்துச் சாத்தினார், மெதுவாகத்தான் சாத்தினார். என்னைப் பார்த்து, "எறங்கு பாப்பா, லேட்டாச்சு," என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை அந்தச் சீட்டில் பை உட்கார்ந்திருந்தது.

அம்மா ஆசிரியர் பயிற்சிக்குப் போன காலத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் மோட்டார் சைக்கிளில் போய் அவரை ஏற்றி வந்தது பெரியம்மாதான், மழையில் அம்மாவின் புத்தகங்களைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். இதை எனக்குச் சொன்னதே அம்மாதான். அப்படிப்பட்டவரை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டதற்கு, "தெரியல. வாயில வந்துருச்சு," என்றார். எனக்கு அன்று அம்மா மேல் பயங்கரக் கோபம். இப்போது யோசித்தால், அந்தத் தலைமையாசிரியரின் சட்டைக்கும் டைக்கும் முன்னால் எனக்கும் எது வாயில் வந்திருக்குமோ.

அம்மா கொஞ்ச நாள் பஸ்ஸில் போனார், பிறகு கடன் போட்டுக் கார் வாங்கினார். பெரியம்மா என்னை ஏற்றுவதை நிறுத்தவில்லை. ஒரு நாள்கூட என்னிடம் முகம் சுளிக்கவில்லை. அக்காளும் தங்கையும் நேராகப் பேசிக்கொள்வதுதான் நின்றது. தீபாவளிக்கு அம்மா ஒரு டின்னில் முறுக்கு போட்டு என்னிடம் கொடுத்தனுப்புவார். டின்னை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதால் பெரியம்மா அதில் நெய்யுருண்டை போட்டு அனுப்புவார். ஆறு வருடம் அந்த டின் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது, தூக்கிக்கொண்டு நடந்தது நான்.

ஒரு தடவை தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன். "சண்டை போட்டவங்க ஒரே சீட்டுன்னு சொல்வீங்கள்ல பெரியம்மா? அப்ப நீங்களும் அம்மாவும்?"

அவர் இரண்டு டிராபிக் லைட்டைத் தாண்டினார்.

"நாங்க சண்டை போடல பாப்பா. போட்டிருந்தா எப்பவோ சரியாயிருக்கும்."

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பை அந்தச் சீட்டை விட்டு இறங்க வேண்டும். எனக்கு அம்மாவும் வேண்டும், பெரியம்மாவும் வேண்டும், நடுவில் தபால்காரியாக இருந்து சலித்துப் போயிருந்தது.

பள்ளிப் படிப்பின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம். முடிந்ததும், உனக்கு என்ன வேணும் என்று அம்மா கேட்டார்.

"நீங்க கேம்பிங் வரணும்."

"எனக்குப் பேப்பர் திருத்தணும்."

"ஸ்கூல் லீவுல என்னா பேப்பர்?"

அம்மா அடுப்பைத் துடைத்தார், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தார். கடைசியில், "அண்ணன் கார்ல வரேன்," என்றார். அப்பாவுக்கு லோரி கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. பெரிய மாமா காரில் அம்மாவும், பெரியம்மா வேனில் நானுமாகப் போனோம்.

அங்கே போய் இறங்கியதும் என் தபால் வேலை தொடங்கியது. "உப்பு போதுமான்னு உங்கம்மாவ கேளு," என்பார் பெரியம்மா. அம்மா கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். "போதும்னு சொல்லு," என்பார். நான், "போதுமாம்," என்பேன். மாமாமார் இருவரும் ஒருவர் விலாவில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா தங்களுக்குக் கம்பியை ஒளித்து வைத்தது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதே மாதிரி அக்காவுக்கு எதை ஒளித்து வைப்பது என்று யோசித்தார்களாம், ஒன்றும் அகப்படவில்லையாம். நானும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். ராத்திரி எப்படியும் அம்மா வேனுக்குள் வந்துதானே படுக்க வேண்டும். மதியமே அம்மா அதற்கும் முடிவு கட்டிவிட்டார்.

"நான் அண்ணன் கார்லயே படுத்துக்கறேன் லா. எனக்குக் கூட்டத்துல தூக்கம் வராது."

நாலு மணி சுமாருக்கு மேலே மலைப்பக்கம் கறுத்தது. எங்களுக்கு இன்னும் ஒரு சொட்டு விழவில்லை, ஆனால் ஆற்றுத் தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிட்டது. பாக்சிக் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார். எல்லாரும் கரையேறுங்கள், வண்டிகளை மேலே ஆபீஸ் பக்கத்து மேட்டுக்குக் கொண்டு போங்கள் என்று மலாயில் கத்தினார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளை வேனுக்குள் தள்ளினோம். ஆண்கள் அடுப்பை விட்டுவிட்டு, கிடைத்ததை வாரிப் போட்டுக்கொண்டு பெரிய மாமா காருக்குள் ஐந்து பேர் திணித்துக்கொண்டார்கள். ஆனால் வேன் வழி வாயிலேயே நிற்கிறது. அது நகர்ந்தால்தான் பின்னால் நிற்கிற கார்கள் எல்லாம் ஏற முடியும். டிரைவர் சீட்டில் ஆள் இல்லை.

அம்மா கழிப்பறைக்குப் பக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே, யாருடைய துண்டுகளையோ கையில் அணைத்துக்கொண்டு நின்றார். பாக்சிக் நேராக அவரிடம் போனார். நான் வேன் கதவில் நின்றுகொண்டிருந்தேன்.

"இந்த வேன் யாருது? டிரைவர் யார்?"

அதே நேரத்தில் பெரியம்மா கூடாரத்தைப் பிடுங்கிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். நாலு எட்டுத் தூரம் இருக்கும். தலை முதல் கால் வரை சேறு, அந்த டீ-சட்டை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. அம்மா அவரைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அதே கேள்விதான்.

"எங்க அக்கா," என்றார் அம்மா, மலாயில். பிறகு குரலை உயர்த்தி இன்னொரு தடவை, "என் சொந்த அக்கா. அவங்கதான் ஓட்டுவாங்க."

பாக்சிக்குக்கு அது தேவையில்லாத விவரம். "யாரா இருந்தா என்ன, சீக்கிரம் வரச் சொல்லுங்க, தண்ணி ஏறுது," என்றார்.

பெரியம்மா அம்மாவைத் தாண்டி நடந்து வந்து, கூடாரத்தைப் பின்னால் எறிந்து, டிரைவர் சீட்டில் ஏறி எஞ்சினைப் போட்டார். அப்போதுதான் அம்மா திரும்பி அவரைப் பார்த்தார். கேட்டிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது போல, ஒரு அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். பெரிய மாமா காரில் இடமில்லை. வேனுக்குள் பெண்கள், பிள்ளைகள், ஈரச் சட்டிகள், சுருட்டின பாய்கள், ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை. மழையில் நிற்கிற அம்மாவை எல்லாரும் பார்த்தோம், பிறகு எல்லாரும் அந்தப் பையைப் பார்த்தோம்.

பெரியம்மா பெல்ட்டைக் கழற்றினார். பையைத் தூக்கி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எட்டிச் சாய்ந்து முன் கதவைத் திறந்தார்.

"கால உதறிட்டு ஏறு."

அம்மா இரண்டு காலையும் உதறினார், ஒழுங்காக, ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை மாதிரி. ஏறி உட்கார்ந்தார். வேன் மேட்டில் ஏறியது.

மேலே நிறுத்திய பிறகு யாரும் எங்கும் போக முடியவில்லை. அன்று இரவு எங்கள் மொத்தப் பேரும் அந்த மேட்டில், வேனிலும் காரிலுமாக, உட்கார்ந்தபடி தூங்கினோம். ரொட்டியும் சார்டின் டின்னும்தான் சாப்பாடு. பெரியம்மா ஒரே ஒரு தடவை, முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "தலைய தொவட்டு," என்று தோள் துண்டைக் கொடுத்தார். அம்மா துவட்டினார். துவட்டுகிற சாக்கில் ரொம்ப நேரம் முகத்தைத் துண்டுக்குள்ளேயே வைத்திருந்தார். வேறு பேச்சு இல்லை. மாமாமார் மாதிரி ஒரு நகைச்சுவையை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த எனக்கு ஏமாற்றம்தான்.

சும்மா இருக்க முடியாமல் மடியிலிருந்த பையைத் திறந்து பார்த்தேன். வாந்திக்குப் பிளாஸ்டிக் பைகள், மருந்து எண்ணெய், ஒரு டார்ச் லைட், ஓர் அட்டை நிறைய ஊக்கு. ஸ்கூல் பிள்ளைக்குப் பட்டன் அறுந்தால் ஊக்கு உதவும்தான். நான் அப்படி நினைத்துக்கொள்ளவில்லை. மெதுவாக மூடி வைத்தேன்.

காலையில் ஆறு வடிந்திருந்தது. எங்கள் அடுப்பையும் சின்ன மாமாவின் ஒற்றைச் செருப்பையும் கொண்டு போயிருந்தது. அவர் மற்றதை மட்டும் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடந்து பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார். நான் எழுந்தபோது பெரியம்மா கழுத்தைத் திருப்பி என்னிடம் முறையிட்டார்.

"உங்கம்மா இன்னும் கொறட்ட விடுறா. கூட்டத்துல தூக்கம் வராதாம் இவளுக்கு."

அம்மா கண்ணைத் திறக்காமலே, "நீங்க மட்டும் விடலயாக்கும்," என்றார். ஆறு வருடத்தில் அம்மா அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல். காருக்கு ஓடிப் போய் மாமாமாரை எழுப்பி நான் இதைச் சொன்னேன். பெரிய மாமா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது "யாரும் ஏறாதீங்க" வழக்கம்போல நடந்தது. எல்லாருக்கும் இடம் சொன்னார், அம்மாவுக்குச் சொல்லவில்லை. அம்மா தானாகப் போய் முன் சீட்டில் ஏறினார். பை என் மடியிலேயே கிள்ளான் வரைக்கும் வந்தது. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டு வாசலில் அம்மா இறங்கிச் சட்டிகளை எடுத்துக்கொண்டார். எங்கள் கார் வாசலிலேயே நிற்கிறது, பெரியம்மா அதை ஒரு பார்வை பார்த்தார். கியரைப் போட்டுக்கொண்டே சன்னல் வழியாகச் சொன்னார்.

"ஸ்கூல் தொறந்ததும் ஆறேகாலுக்கு கேட்ல நில்லு. லேட்டா வந்தா நிக்க மாட்டேன்."

பள்ளி திறந்த அன்று எனக்கு எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லை. இருந்தும் சீக்கிரம் எழுந்துவிட்டேன். வெளியே இன்னும் இருட்டு. கார் சாவி சாப்பாட்டு மேசை மேலேயே கிடந்தது. சன்னல் துணியை விலக்கிப் பார்த்தேன். மணி ஆறு பத்து. அம்மா புடவையை அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்தபடி, கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.